லேசான ட்ரெய்லருக்கு எவ்வளவு காத்து? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கார் டயருக்குக் காத்தடிக்கிறதைப் பத்தி ரெண்டு வரிதான் எழுதினது, அதுக்குப் பிறகு வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்திலயும் ட்ரெய்லர் கதைதான். நம்மட பக்கம் இப்ப எந்த வெல்டிங் கடைக்குப் போனாலும் வாசல்ல ஒரு ட்ரெய்லர் அரைகுறையா நிக்குது, வள்ளம் ஏத்த ஒண்டு, தண்ணி டேங்க் இழுக்க ஒண்டு, நெல்லு மூடைக்கு ஒண்டு. செய்யிறவங்க சட்டத்தை நல்ல பலமாத்தான் அடிக்கிறாங்க, ஆனா டயருக்கு எவ்வளவு காத்து எண்டு கேட்டா ஆளுக்கொரு கதை. அதனால இந்த முறை முழுக்க அதுதான். கீழ 40, 22 எண்டு சும்மா எண்ணா வாற காத்தளவு எல்லாம் பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தினை இறாத்தல் அழுத்தம் எண்ட கணக்கு.

கேள்வி: அண்ணன், நான் பாலமீன்மடு. வள்ளம் ஏத்த எண்டு சின்ன ட்ரெய்லர் ஒண்டு அடிப்பிச்சு எடுத்தன். ஸ்பிரிங் ஒண்டும் இல்ல, அச்சை நேரா சட்டத்தில வெல்ட் பண்ணினது. டயர் பழைய மாருதி 800ட, 145/70 ஆர் 12, ரிம்மோட சேத்து வாங்கினது. பைபர் வள்ளமும் எஞ்சினும் 220 கிலோ மட்டில வரும், ட்ரெய்லர் 110. டயர் கடையில 40 அடிச்சு விட்டாங்க. வாகரைக்குக் கொண்டு போகக்குள்ள பாலத்து மூட்டு, பள்ளம் வாற இடமெல்லாம் ட்ரெய்லர் துள்ளித் துள்ளி வருது, ஒருக்கா கட்டின பெல்ட்டும் அறுந்து போச்சு. மச்சான் 20க்கு இறக்கு எண்டு சொல்றான், கடைக்காரர் காத்துக் குறைஞ்சா டயர் வெடிக்கும் எண்டு சொல்றார். ஆர் சொல்றதைக் கேக்கிறது?

பதில்: தம்பி, உங்கட மச்சான் சொன்னது கிட்டமுட்ட சரி. கடைக்காரரும் பொய் சொல்லல்ல, காத்துக் குறைஞ்ச டயர் சூடேறி வெடிக்கிறது உண்மைதான், ஆனா அது பாரம் நிக்கிற டயருக்கு, உங்கட டயர்ல பாரமே இல்லையே. கடையில நிக்கிற பொடியன் பாவம், அவனுக்கு நாள் முழுக்க வாறதெல்லாம் ஆளும் சாமானும் ஏத்தி ஓடுற வேனும் ஓட்டோவும்தான், ட்ரெய்லர் எண்டதும் பாரம் இழுக்கிறதாக்கும் எண்டு நினைச்சு 40 வைச்சு விட்டிருப்பான்.

பாரத்தைத் தாங்கிறது உள்ளுக்க அடைச்சு வைச்சிருக்கிற காத்துத்தான், ரப்பர் அந்தக் காத்தைப் பிடிச்சு வைச்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு சில்லில 150 கிலோ நிக்குது எண்டு வைங்க. 40 அடிச்சா அந்தச் சில்லு ரோட்டில படுற இடம் கிட்டத்தட்ட 8 சதுர அங்குலம், மூண்டு நெருப்புப்பெட்டியை ஒட்டி வைச்ச அளவு. 22க்கு இறக்கினீங்க எண்டா அது 15 சதுர அங்குலம் ஆகிடும். இதில உங்கட ட்ரெய்லருக்கு ஸ்பிரிங்கும் இல்ல எண்டு வேற சொல்றீங்க, அப்ப பள்ளத்தில விழுந்தா அந்த அடியை வாங்கிறதுக்கு டயரை விட்டா வேற ஒண்டுமே இல்ல, அந்த டயரையும் கல்லு மாதிரி இறுக்கி வைச்சா அடி நேரா அச்சுக்கும் சட்டத்துக்கும் வள்ளத்துக்கும்தான் போகும். பெல்ட் அறுந்தது அதாலதான். இப்பிடியே ஓடினா வெல்டிங் மூட்டும் ஒரு நாள் விடும், பைபர் வள்ளத்தில சட்டம் முட்டுற இடத்தில கீறலும் விழும், அந்த ரெண்டையும் இண்டைக்கே ஒருக்கா குனிஞ்சு பாருங்க.

இனிக் கணக்குக்கு வாறன். டயர்ட பக்கத்தில அளவு எழுதின இடத்துக்குப் பிறகு ஒரு ரெண்டு இலக்க எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும், உங்கட டயர்ல அனேகமா 69 எஸ். அந்த 69 எண்டது கிலோ இல்ல, அது ஒரு குறி, அதுக்கு 325 கிலோ எண்டு அர்த்தம். 62 எண்டா 265 கிலோ, 65 எண்டா 290, 71 எண்டா 345, 74 எண்டா 375, 76 எண்டா 400. சாதாரண கார் டயர் அந்த முழுப் பாரத்தையும் தாங்கிறதுக்கு வேணும் எண்டு கணக்கெடுக்கிறது 36 பிஎஸ்ஐ. பக்கத்தில மேக்ஸ் பிரஷர் எண்டு 44, 51 எண்டு ஒண்டு எழுதி இருக்கும், அது இதைத் தாண்டக் கூடாது எண்ட எல்லை, கனபேர் அதைத்தான் அடிக்க வேண்டிய அளவு எண்டு நினைச்சு அடிக்கிறாங்க.

கார் டயரை ட்ரெய்லருக்குப் போட்டா தாங்கிற பாரத்தில பத்து வீதம் போல குறைச்சு எடுக்கிறது வழக்கம், ஏனெண்டா ட்ரெய்லர் டயர் படுற பாடு வேற, மடக்கக்குள்ள இழுபடுறது வேற. அப்ப 325ஐ 295 எண்டு வைப்பம். உங்கட மொத்தம் 330 கிலோ, அதில பத்தில ஒரு பங்கு, 30 கிலோ அளவில, வாகனத்தில கொழுவுற இடத்தில நிக்கும், மிச்சம் 300 ரெண்டு சில்லுக்கும், ஆளுக்கு 150. 150ஐ 295ஆல பிரிச்சு 36ஆல பெருக்குங்க, 18 வரும். அதோட கை காவலுக்கு 3, 4 கூட்டி 22 எண்டு வைங்க. கணக்கில இதை விடக் குறைய வந்தாலும் 20க்குக் கீழ ரோட்டில ஓட வேணாம், அதுக்குக் கீழ போனா மடக்கக்குள்ள டயர்ட விளிம்பு ரிம்மை விட்டு நழுவப் பாக்கும், கல்லில ஏறினா ரிம் நெளியும்.

அந்த 22ஐ அப்பிடியே வேதவாக்கா எடுக்காம வெண்கட்டியால ஒருக்கா சோதிச்சுப் பாருங்க. வள்ளத்தை ஏத்தி, எந்த நாளும் கட்டுற மாதிரியே கட்டி, டயர்ட தரையில படுற முகத்தில இந்தக் கரையில இருந்து அந்தக் கரை மட்டும் வெண்கட்டியால குறுக்கால நல்ல தடிப்பா ஒரு கோடு போடுங்க. நேரான தார் ரோட்டில மெதுவா ஒரு பத்துப் பதினஞ்சு யார் இழுத்துப் போட்டு இறங்கிப் பாருங்க. நடுவில மட்டும் அழிஞ்சு ரெண்டு கரையும் வெள்ளையா நிண்டா காத்துக் கூட, 2 குறையுங்க. கரை அழிஞ்சு நடு நிண்டா காத்துக் காணாது. ஒரு பக்கக் கரை மட்டும் அழியுது எண்டா அது காத்துப் பிரச்சின இல்ல, அச்சு வளைஞ்சிருக்கு, இல்லாட்டி வெல்ட் பண்ணக்குள்ளயே சரிவாப் போயிட்டு. ரெண்டு சில்லிலயும் போட்டுப் பாருங்க.

இன்னொண்டு. நீங்க 220 எண்டு சொன்னது வெறும் வள்ளமும் எஞ்சினும். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கேன், நங்கூரம் எல்லாத்தையும் அதுக்குள்ளயே போட்டுக் கொண்டு போற பழக்கம் நம்மட ஆக்களுக்கு இருக்கு, ஈர வலை எவ்வளவு பாரம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அப்பிடி மொத்தம் 450 கிலோவுக்குப் போனா சில்லொண்டுக்கு 205 அளவில வரும், கணக்கு 25, கூட்டிக் கழிச்சு 28 அடிங்க. ஒரே ட்ரெய்லருக்கு ரெண்டு அளவு வாறதில ஒண்டும் புதினம் இல்ல.

கடக்கரை மணல்ல இறக்கக்குள்ள புதையுது எண்டா 15 வரைக்கும் இறக்கலாம், நடக்கிற வேகத்தில மட்டும், வெட்டி மடக்காம. ரோட்டில ஏற முதல் கால் பம்பால 22க்குக் கொண்டு வாங்க, வீட்ட போய்ப் பாப்பம் எண்டு விட வேணாம். அதோட டயருக்குச் சம்பந்தம் இல்லாட்டியும் சொல்றன், வாகரை மட்டும் ஓடிப் போய் நிண்ட கையோட ட்ரெய்லரைத் தண்ணிக்குள்ள விட வேணாம். சூடா இருக்கிற பேரிங் குளிர் தண்ணியில தாழ்ந்தா உள்ளுக்க இருக்கிற காத்துச் சுருங்கி உப்புத் தண்ணியை உறிஞ்சும். ஒரு பிளேன்டி குடிச்சுப் போட்டு இறக்குங்க.

கேள்வி: காக்கா, நாங்க சாய்ந்தமருது. கலியாணம், கந்தூரிக்கு கிடாரம், சட்டி, அடுப்பு எல்லாம் வாடகைக்குக் குடுக்கிற, அதை ஏத்த ஓட்டோவுல கொழுவிற ட்ரெய்லர் ஒண்டு இரிக்கி. டயர் 4.00-8, ஓட்டோ டயர் அளவுதான், ஹார்ட்வேர்ல மலிவா வாங்கின. வால்வுக்கிட்ட டியூப் அடிக்கடி கிழியிது. பஞ்சர்காரன் டியூப் சரியில்ல என்டு சொல்லி மாத்தி மாத்திப் போடுறான். 20 மட்டில காத்து அடிக்கிற, ட்ரெய்லர் லேசுதானே. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, டியூப்ல பிழை இல்ல. ஹார்ட்வேர்ல மலிவா வாங்கின எண்டு சொன்னீங்களே, அங்கதான் சந்தேகம். 4.00-8 எண்ட அளவில ஓட்டோ டயரும் இருக்கு, சீமெந்து தள்ளுற வீல்பரோ டயரும் இருக்கு, ரிம்முக்கு ரெண்டும் பொருந்தும், பாத்தா ஒரே மாதிரி. வீல்பரோ டயர் 2 பிளை, ஓட்டோ டயர் 4 அல்லது 6 பிளை, பிளை எண்டது டயர்ட பலத்தைக் காட்டுற நூல் அடுக்குக் கணக்கு. பக்கத்தில தடவிப் பாருங்க, நொட் ஃபோர் ஹைவே யூஸ் எண்டு இங்கிலீசில சின்னனா எழுதி இருந்தாலோ பிளை எத்தினை எண்டு எழுதாமலே இருந்தாலோ அதைக் கழட்டி வீட்டில மண் தள்ளுறதுக்கு வைச்சுக் கொள்ளுங்க. ஓட்டோ ஓடுற வேகத்துக்கு அது செய்த சாமானே இல்ல.

வால்வுக்கிட்ட ஏன் கிழியுது எண்டா, காத்துக் குறைஞ்ச டயர் ரிம்முல இறுகப் பிடிக்காது, சில்லு சுத்தச் சுத்த டயர் கொஞ்சம் கொஞ்சமா ரிம்முல வழுக்கிப் போகும், உள்ளுக்க டியூப்பையும் இழுத்துக் கொண்டு போகும், ஆனா வால்வு ரிம் ஓட்டையில நிக்குது, அதுக்கு அசைய ஏலா. கிழியிறதுக்கு முதல் வால்வைப் பாத்தீங்க எண்டா நேரா நிக்காம ஒரு பக்கம் சரிஞ்சு நிண்டிருக்கும். புது டியூப் போட்ட பிறகு டயரும் ரிம்மும் சேர்ற இடத்தில பெயின்ட்டால குறுக்கால ஒரு கோடு கீறி வைங்க, ரெண்டு மூண்டு சவாரி போய் வந்து பாருங்க, கோடு ரெண்டாப் பிரிஞ்சு நிண்டா டயர் நழுவுது.

ரிம்முல துரு இருந்தா உரஞ்சு துப்புரவாக்கி, டியூப்புக்குப் பவுடர் தடவிப் போடச் சொல்லுங்க. 6 பிளை ஓட்டோ டயர் போட்டு 28 அடிங்க. டியூப் உள்ள சின்னச் சில்லை 25க்குக் கீழ விடவே வேணாம், ட்ரெய்லர் எவ்வளவு லேசா இருந்தாலும். முதல்ல எழுதின பாலமீன்மடுத் தம்பிக்கு 22 எண்டு சொல்லிப் போட்டு உங்களுக்கு 28 எண்டு சொல்றனே எண்டு யோசிப்பீங்க, அவர்ட டயர் பெரிசு, அகலம், உள்ளுக்க காத்துக் கொள்ளுற இடமும் கூட. சின்ன டயர் அதே பாரத்தைத் தாங்க கூடின காத்து வேணும். அதோட கிடாரத்தை எல்லாம் பின்னுக்கு அடுக்காம அச்சுக்குக் கொஞ்சம் முன்னால வாற மாதிரி அடுக்குங்க.

கேள்வி: அண்ணன், சம்மாந்துறையில இருந்து எழுதிறன். என்ட ட்ரெய்லருக்கு 155 ஆர் 12 சி டயர், 88/86 எண்டு இருக்கு, 8 பிளை. பக்கத்தில 65 பிஎஸ்ஐ எண்டு எழுதி இருக்கிறதால 65தான் அடிக்கிறன். மில்லுக்கு நெல்லு கொண்டு போகக்குள்ள பரவாயில்ல, வெறும் ட்ரெய்லரோட திரும்பி வரக்குள்ள பின்னுக்கு ஒரு சத்தம், டக்கு டக்கு எண்டு. போல்ட் எல்லாம் இறுக்கியும் நிக்கல்ல. ட்ரெய்லர் 150 கிலோ வரும், 8 மூடை ஏத்துவன்.

பதில்: சத்தம் போல்ட்டில இல்ல, வெறும் ட்ரெய்லர் கல்லுச் சில்லில துள்ளி விழுற சத்தம் அது. சி எண்டு போட்ட டயர் சின்ன லொறி, வேன் டயர். 88 எண்டா 560 கிலோ, ஒரு பக்கத்துக்கு ஒத்தைச் சில்லு போட்டா இது. 86 எண்டா 530 கிலோ, அது சோடிச் சில்லுக்கு. 65 அடிச்சாத்தான் அந்த 560ஐத் தாங்கும். ரெண்டு சில்லும் சேந்தா 1120 கிலோ! நீங்க ஏத்திறது அதில அரைவாசி சொச்சம்தான். மூடை 65 கிலோ எண்டு வைச்சா எட்டுக்கு 520, ட்ரெய்லரோட 670, முன்னால கொழுவுற இடத்துக்கு ஒரு 70 போனா சில்லொண்டுக்கு 300. 300ஐ 560ஆல பிரிச்சு 65ஆல பெருக்கினா 35 வரும், 38 அடிங்க. இதுக்கு அந்தப் பத்து வீதக் கழிவு தேவையில்ல, அது கார் டயருக்குத்தான். வெறும் ட்ரெய்லருக்கு 25 போதும்.

போகக்குள்ள 38, வரக்குள்ள 25 எண்டு ஆர் அடிச்சு இறக்கிக் கொண்டிருக்கிறது எண்டு கேப்பீங்க, நியாயம்தான். தூரம் போறது எண்டா செய்யுங்க, வயலுக்கும் மில்லுக்கும் இடையில எண்டா 38லயே விட்டுப் போட்டு வெறும் ட்ரெய்லரோட வரக்குள்ள மெதுவா வாங்க. ஏதாவது ஒரு அளவைத்தான் வைக்கப் போறீங்க எண்டா எப்பவும் பாரம் ஏத்தின அளவை வைங்க, வெறுமையா வாற அளவை வைச்சுப் போட்டுப் பாரம் ஏத்தக் கூடாது. துள்ளினா சாமான் சேதம், பாரத்தில டயர் வெடிச்சா ஆள் சேதம்.

மில்லுக்குத்தானே போறீங்க, இந்த 150, 520 எல்லாம் மனக்கணக்கா இல்லாம நிறுத்தே பாருங்க. லொறி நிறுக்கிற தராசில ட்ரெய்லர்ட சில்லு ரெண்டு மட்டும் ஏறி நிக்கிற மாதிரி விட்டு, இழுக்கிற வாகனத்தைத் தராசுக்கு வெளியால நிப்பாட்டி, கழட்டாமலே நிறுக்கச் சொல்லுங்க, வாற கணக்கு சில்லுகள்ல நிக்கிற பாரம், ரெண்டால பிரிச்சா சில்லொண்டுக்கு. பெரிய தராசு 10 கிலோ, 20 கிலோ படியாத்தான் காட்டும், அது போதும். முன்பாரத்தை, அதாவது கொழுவுற இடத்தில நிக்கிற பாரத்தைப் பாக்க, மூடை நிறுக்கிற சின்னத் தராசில ஒரு கட்டையை நிறுத்தி, கொழுவுற உயரத்துக்குச் சரியா வர வைச்சு, அதுக்கு மேல ட்ரெய்லர்ட மூக்கை இறக்குங்க. வெறுமையா ஒருக்கா, ஏத்தினாப் பிறகு ஒருக்கா, ரெண்டு நிறையையும் சட்டத்தில பெயின்ட்டால எழுதி வைச்சா பிறகு ஆரிட்டயும் கேக்கத் தேவையில்ல.

கேள்வி: பொத்துவில். அறுகம்பேக்கு வாற ஆக்கள்ட சர்ஃப் பலகை, மெத்தை, சாமான் எல்லாம் ஏத்திற ட்ரெய்லர், வேன்ல இழுக்கிற. 50 தாண்டினா வால் ஆட்டுது. காத்துக் கூட அடிச்சா நிக்குமா?

பதில்: கொஞ்சம் குறையும், நிக்காது. வால் ஆட்டுறதுக்கு முதல் காரணம் பாரம் பின்னுக்குப் போனது. பலகை நீளம், பின்னால நீட்டிக் கொண்டு நிக்கும், மெத்தையை முன்னுக்கு வைச்சுப் பாரமான பெட்டியை பின்கதவுக்கிட்ட அடுக்கி இருப்பீங்க, ஏத்தி இறக்க லேசு எண்டு. மொத்தத்தில பத்தில ஒரு பங்கு கொழுவுற இடத்தில நிக்கணும், அதுக்குக் குறைஞ்சா ட்ரெய்லர் வேனை ஆட்டும். பாரமானதை அச்சுக்கு மேலயும் கொஞ்சம் முன்னுக்கும் வைங்க.

அதுக்குப் பிறகு காத்து. இடது வலது ரெண்டும் ஒரே அளவா எண்டு பாருங்க, ஒண்டு 22 மற்றது 30 எண்டா ட்ரெய்லர் ஒரு பக்கம் இழுத்துக் கொண்டே வரும். அதோட எல்லாரும் மறக்கிற ஒண்டு, வேன்ட பின் சில்லு. ட்ரெய்லர்ட முன்பாரம் அங்கதான் வந்து விழுது, அது காத்துக் குறைஞ்சு சொத சொத எண்டு இருந்தா ட்ரெய்லர்ல எதைச் செய்தும் வேலை இல்ல. ஆட்டத் தொடங்கினா பிரேக்கை அமத்த வேணாம், ஸ்டியரிங்கை வெட்டவும் வேணாம், நேராப் பிடிச்சுக் கொண்டு எக்ஸலேட்டரை மட்டும் விடுங்க.

கேள்வி: அக்கரைப்பற்று வெயிலுக்கு டயர் வெடிச்சிரும் எண்டு வாப்பா மத்தியானத்தில 4, 5 காத்தை இறக்கிப் போட்டுத்தான் ட்ரெய்லரைக் கொழுவுவார். சரியா?

பதில்: வாப்பாவுக்கு மெதுவா எடுத்துச் சொல்லுங்க, அது சரியில்ல. சூடு ஒவ்வொரு 5, 6 பாகை கூட 1 பிஎஸ்ஐ அளவில ஏறும். காலையில 27 பாகையில 28 அடிச்ச டயர் மத்தியானம் வெயில்ல 50க்குப் போனா 31, 32 காட்டும், அது டயர் செய்யக்குள்ளயே எதிர்பாத்த ஏற்றம். வெயில்ல நிண்ட டயரை இறக்கிப் போட்டா பின்னேரம் குளிர்ந்தாப் பிறகு 23, 24ல நிக்கும், அடுத்த நாள் காலையில அப்பிடியே பாரத்தையும் ஏத்திக் கொண்டு போவீங்க. காத்துக் காணாத டயர்ட பக்கம் ஒவ்வொரு சுத்துக்கும் மடிஞ்சு விரியும், அந்த மடிப்புச் சூட்டாலதான் உள் நூல் விட்டு வெடிக்கிறது.

காலையில, டயர் ஓடாம மூண்டு மணித்தியாலமாவது நிண்டாப் பிறகு அளந்து அடிக்கிறதுதான் கணக்கு. ஓடி நிண்ட உடன அளந்து பாருங்க, 4, 5 கூட நிண்டா நல்லம். 7, 8 ஏறி இருந்தா ஒண்டில் காத்துக் காணாது, இல்லாட்டி பாரம் கூட, அப்பவும் இறக்கக் கூடாது, அடுத்த நாள் காலையில கூட்டணும்.

கேள்வி: காத்தான்குடி. நைட்ரஜன் அடிச்சா நல்லமாமே?

பதில்: நாம மூச்செடுக்கிற காத்திலயே 78 வீதம் நைட்ரஜன்தான். சும்மா கிடைச்சா அடிங்க, காசு குடுத்து எண்டா அந்தக் காசுக்குக் காத்து அளக்கிற நல்ல கேஜ் ஒண்டு வாங்குங்க.

கேள்வி: ஐயா, வவுணதீவுப் பக்கம் எங்கட வயல். வாட்டர் பம்பும் பைப்பும் கொண்டு போற சின்ன ட்ரெய்லர், வேளாண்மைக் காலத்தில மட்டும்தான் ஓடுறது, மிச்ச நாள் முத்தத்தில நிக்கும். டயர்ல பூவெல்லாம் புதுசு மாதிரி அப்பிடியே இருக்கு. போன போகத்தில ஒண்டு நடு ரோட்டில பிரிஞ்சு போச்சு. காத்துச் சரியாத்தான் அடிச்சம். ஏன்?

பதில்: தம்பி, உங்கட டயர் ஓடித் தேயல்ல, நிண்டு செத்திருக்கு. ட்ரெய்லர் டயருக்கு அனேகமா இதுதான் முடிவு. பக்கத்தில டொட் (DOT) எண்டு தொடங்குற எழுத்து வரிசைக்குக் கடைசியில நாலு இலக்கம் இருக்கும், 2316 எண்டா 2016ஆம் வருசத்து 23ஆவது கிழமை செய்தது. ரெண்டு பக்கத்திலயும் பாருங்க, சில டயர்ல ஒரு பக்கம்தான் அந்த நாலு இலக்கமும் இருக்கும். பழைய ரிம்மோட சேத்து வாங்கினவங்க எல்லாரும் முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான், பாலமீன்மடுத் தம்பியும் சேத்துத்தான். பூ எவ்வளவு இருந்தாலும் பத்து வருசம் தாண்டினதைப் போடாதீங்க, என்ட கணக்கில வெயில்ல நிக்கிற ட்ரெய்லருக்கு ஆறு ஏழே கூட. பக்கத்தைப் பெருவிரலால அமத்தி வளைச்சுப் பாருங்க, மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு திறந்து தெரிஞ்சா அந்த டயருக்கு இனி எவ்வளவு காத்து எண்ட கேள்வியே இல்ல.

நிக்கிற காலத்தில அச்சுக்குக் கீழ கல்லோ கட்டையோ குடுத்துச் சில்லை நிலத்தை விட்டு எழுப்பி வைங்க, வெயில் படாம சாக்கால மூடி விடுங்க. ஓடாம நிண்டாலும் காத்து மாசத்துக்கு 1, 2 தானாவே இறங்கும். காத்து இறங்கின டயர் பம்பின்ட பாரத்தோட ஒரே இடத்தில மாசக்கணக்கா மடிஞ்சு நிண்டா அந்த மடிப்பில நூல் உடையும், பிறகு போகம் தொடங்க நீங்க அளந்து சரியா அடிச்சாலும் உடைஞ்சது உடைஞ்சதுதான். போன போகத்தில பிரிஞ்சது இப்பிடித்தான் பிரிஞ்சிருக்கும். மற்றச் சில்லும் அதே வயசு எண்டா அதையும் சேத்து மாத்துங்க.

கேள்வி: அண்ணன், நான் ஆரையம்பதி. சைக்கிள் சில்லு ரெண்டு பூட்டின வண்டியில இடியப்பம், பிட்டு விக்கிறன். சைக்கிள் கடையில ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி அடிச்சுத் தாறாங்க. அளக்கிற கேஜ் அந்த வால்வுக்குக் கொழுவுதுமில்ல. எனக்கும் பதில் சொல்லுவீங்களா?

பதில்: ஏன் தங்கச்சி சொல்ல மாட்டன், உங்கடயும் ட்ரெய்லர்தான், இழுக்கிறது நீங்க. வால்டியூப் எண்ட சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வில சாதாரண கேஜ் கொழுவாது, கொழுவினாலும் சரியா அளக்காது, அந்த ரப்பர் காத்தை உள்ளுக்கத்தான் விடும். கார் டயருக்குப் போடுற மாதிரி வால்வு வைச்ச சைக்கிள் டியூப் விக்குது, அடுத்த முறை டியூப் மாத்தக்குள்ள அதைக் கேட்டுப் போடுங்க, ரிம் ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டி வந்தா கடையிலயே செய்து தருவாங்க.

அது வரைக்கும் இப்பிடிப் பாருங்க. வண்டியில எல்லாச் சாமானையும் ஏத்திப் போட்டு, டயர் நிலத்தில படுற இடத்தைப் பக்கத்தில குந்தி இருந்து பாருங்க, மட்டுமட்டாத் தெரியிற அளவில ஒரு சின்ன வீக்கம் இருக்கணும். வீக்கமே இல்லாட்டி காத்துக் கூட, கல்லில ஏறினா பிட்டுப் பெட்டி துள்ளும். டயர் மடிஞ்சு ரிம் நிலத்துக்குக் கிட்ட வந்தா காணாது. சைக்கிள் டயர் ஒல்லி எண்டதால கார் டயரை விடக் கூடின காத்துத்தான் அதுக்கு வேணும், பக்கத்தில எழுதி இருக்கிற அளவைத் தாண்டாமப் பாத்துக் கொள்ளுங்க. உங்கட வண்டியில காத்தை விடச் சில்லுக் கம்பிதான் முதல்ல போகும். சைக்கிள்ல வளைவில ஆள் சரிஞ்சு குடுக்கிறதால சில்லுக்குப் பக்கவாட்டில அடி இல்ல, ரெண்டு சில்லு வண்டி சரியாது, மடக்கிற நேரமெல்லாம் கம்பி பக்கத்துக்கு இழுபடும். கிழமைக்கு ஒருக்கா கம்பி எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாப் பிடிச்சு நசிச்சுப் பாருங்க, தளர்ந்தது கையிலயே தெரியும், கடையில குடுத்து இறுக்கிப் போடுங்க.